கார்பன் இழைப் பட்டையின் மின்தடையை அளப்பது எப்படி? (நான் இரண்டு வாரம் தப்பாக அளந்த கதையோடு)

ஒரே பட்டை, ஒரே மல்டிமீட்டர். முதல் தடவை 2.1 ஓம் காட்டியது. முனையைக் கொஞ்சம் அழுத்தினால் 0.9. அரை சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் 14. கையை எடுத்து மறுபடி வைத்தால் ஒன்றுமே இல்லை, காப்புப் பொருள் மாதிரி திரை அப்படியே நிற்கிறது. மீட்டர்தான் கெட்டுப்போச்சு என்று நினைத்து இன்னொன்று வாங்கினேன். அதுவும் இதே கூத்துதான்.

மீட்டரில் கோளாறு இல்லை. நான் அளந்துகொண்டிருந்தது பட்டையை அல்ல, முனைக்கும் பட்டைக்கும் நடுவில் இருந்த எபாக்சித் தோலை (எபாக்சி என்பது இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பிசின்). அதைத் தாண்டி உண்மையான எண்ணை எடுப்பது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு. ஓம் விதி தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு

அளக்கும் முன்பே விடை சுமாராக எவ்வளவு வர வேண்டும் என்று தெரிந்திருந்தால், எனக்குப் போன இரண்டு வாரம் உங்களுக்கு மிச்சம்.

டி300 போன்ற சாதாரண கார்பன் இழையின் மின்தடை எண் (நீள அகலத்தைச் சாராமல் பொருளுக்கே உரிய தடை) 0.000017 ஓம்-மீட்டர். செம்பைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு அதிகம். ஆனால் எபாக்சியோடும் கண்ணாடி இழையோடும் ஒப்பிட்டால் அது உலோகம் மாதிரிதான். அவை இரண்டும் கோடி கோடி மடங்கு தள்ளி நிற்கும் காப்புப் பொருட்கள். அதனால் பட்டையில் மின்சாரத்தைக் கடத்துவது இழை மட்டுமே, பிசினுக்குப் பங்கில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பட்டையின் கன அளவில் 60 சதவீதம் இழை, எல்லாம் ஒரே திசையில் என்றால், 0.000017-ஐ 0.6-ஆல் வகுக்க 0.000028 ஓம்-மீட்டர்.

என் பட்டை 120 மி.மீ. நீளம், 10 மி.மீ. அகலம், 1 மி.மீ. தடிமன். நடுவில் 60 மி.மீ. நீளத்துக்கு மட்டும் கணக்குப் போட்டால் 0.17 ஓம். மல்டிமீட்டரின் இரண்டு வயர்களையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். அதுவே 0.2, 0.3 என்று காட்டும். தேடும் பொருளைவிடத் தேடும் கருவியின் வயருக்குத் தடை அதிகம்! ஆகவே ஓம் அளவுகோலை இந்த வேலைக்கு மறந்துவிடுங்கள்.

நான்கு முனை இணைப்பு

வழி 1861-லேயே கெல்வின் காட்டியதுதான். வெளிப்பக்க இரண்டு முனைகள் வழியாக மின்னோட்டத்தைச் செலுத்துங்கள். உள்பக்க இரண்டு முனைகளில் மின்னழுத்தத்தை மட்டும் பாருங்கள். வோல்ட்மீட்டர் கிட்டத்தட்ட மின்னோட்டமே எடுக்காது என்பதால், உள்முனைகளின் தொடர்பில் நூறு ஓம் இருந்தாலும் அளவு கெடாது.

100 மில்லிஆம்பியர் செலுத்தினால் நமக்கு வர வேண்டியது சுமார் 17 மில்லிவோல்ட். மலிவான மல்டிமீட்டரின் 200 மில்லிவோல்ட் அளவுகோலே 0.1 மில்லிவோல்ட் வரை காட்டும். அது தாராளம். விலை உயர்ந்த மில்லிஓம் மீட்டர் வாங்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆரம்பத்தில் வேண்டாம் என்பதே என் கட்சி, ஏனென்றால் அதை வைத்துக்கொண்டும் கீழே சொல்லப்போகும் தப்பைச் செய்யலாம்.

மின்னோட்டத்துக்கு எல்எம்317 என்ற சீராக்கிச் சில்லு ஒன்று, 12 ஓம் மின்தடை ஒன்று, 5 வோல்ட் அடாப்டர். 1.25 வோல்ட்டை 12-ஆல் வகுக்க ஏறத்தாழ 104 மில்லிஆம்பியர். மின்தடையில் எழுதியிருப்பதை நம்பாமல் இரண்டாவது மீட்டரைத் தொடரில் போட்டு அளந்துகொள்ளுங்கள். எனக்கு 102 வந்தது. ஆம்பியர் கணக்கில் ஏற்ற வேண்டாம், பட்டை சூடாகும். சூடானால் செம்பில் தடை ஏறும், கார்பன் இழையில் இறங்கும். அளவு மெல்ல நழுவுவதைப் பார்த்து நீங்கள் குழம்புவீர்கள்.

தோலை உரிப்பது

பட்டையின் பளபளப்பு முழுக்க எபாக்சி. 400-ஆம் எண் நீர் உப்புத்தாளை நனைத்து, முனைகள் உட்காரும் இடங்களில் மட்டும் மெதுவாகத் தேயுங்கள். எப்போது நிறுத்துவது? தேய்த்த தண்ணீரைப் பாருங்கள். முதலில் பால் கலந்த மாதிரி வெளுப்பாக வரும், அது பிசின். சட்டென்று ஒரு கட்டத்தில் மை கரைத்த மாதிரி கறுக்கும். இழை வந்துவிட்டது, நிறுத்துங்கள். அதற்கு மேல் தேய்த்தால் இழையே அறுபடும். பிறகு அசிட்டோனால் துடைத்துக் காயவிடுங்கள்.

உலர்வாகத் தேய்க்கவே வேண்டாம், முகமூடியும் கட்டாயம். கார்பன் தூசி மின்சாரத்தைக் கடத்தும். கணினிப் பக்கத்தில் வைத்துத் தேய்த்து ஒரு விசைப்பலகையை நான் காவு கொடுத்திருக்கிறேன்.

என்னைக் கவிழ்த்த இடம்

சரி, தோலையும் உரித்தாயிற்று, நான்கு முனையும் போட்டாயிற்று. மின்னோட்ட முனைகளுக்குப் பட்டையின் மேல்பக்கத்தில் இரு ஓரங்களிலும் செம்பு டேப் ஒட்டினேன். மின்னழுத்தம் 24.8 மில்லிவோல்ட். கணக்குப்படி 17 வர வேண்டும். எண் நிலையாக நின்றது, ஆடவில்லை, அதனாலேயே நம்பிவிட்டேன். இழையின் தரம் மட்டம் என்று முடிவுகட்டி, இழை விற்றவரைத் திட்டக்கூடச் செய்தேன்.

பட்டை தற்செயலாகப் புரண்டு விழுந்த ஒரு நாள், மின்னழுத்த முனைகளை அடிப்பக்கத்தில் வைத்துவிட்டேன். 11.5 மில்லிவோல்ட். ஒரே பட்டை, ஒரே மின்னோட்டம், மேலே ஒன்று, கீழே பாதிகூட இல்லை.

அப்போதுதான் புரிந்தது. செம்புப் பட்டை என்றால் ஒரு மூலையில் மின்சாரத்தைக் கொடுத்தாலும் உடனே தடிமன் முழுக்கப் பரவிவிடும். இங்கே அப்படியில்லை. இழை ஓடும் திசையில் தடை குறைவு. ஆனால் ஓர் அடுக்கிலிருந்து அதன் கீழ் அடுக்குக்கு இறங்க வேண்டுமென்றால், நடுவில் பிசின். இழைகள் அங்கங்கே ஒன்றையொன்று தொடுகிற இடங்கள் மட்டுமே வழி. ஆகவே மேலே கொடுத்த மின்னோட்டம் மேல் அடுக்குகளிலேயே ஓடிக்கொண்டு, சொட்டுச் சொட்டாகத்தான் கீழே இறங்குகிறது. நான் பட்டையின் குறுக்குவெட்டு முழுவதையும் வைத்து வகுத்துக்கொண்டிருந்தேன், மின்சாரமோ அதில் ஒரு பங்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இதற்கு மருந்து, எல்லா அடுக்குக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் கொடுப்பது. அதாவது பட்டையின் வெட்டுமுகத்தில். இரு நுனிகளையும் பொடிப்பல் ரம்பத்தால் நேராக வெட்டி, வெட்டுமுகத்தையும் ஈர உப்புத்தாளில் மழமழப்பாக்குங்கள். அந்த முகம் முழுக்கச் சில்வர் பெயிண்ட் (வெள்ளித் துகள் கலந்த, மின்சாரம் கடத்தும் பெயிண்ட்) பூசுங்கள், ஓரத்தைச் சுற்றியும் 5 மி.மீ. வரட்டும். காய்ந்த பிறகு மெல்லிய செம்புக் கம்பியை நாலு சுற்றுச் சுற்றி, அதன் மேல் இன்னொரு பூச்சு. ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். உள்முனைகளுக்கும் இதே கம்பி, இதே பெயிண்ட், பட்டையைச் சுற்றி ஒரு மெல்லிய வளையமாக. சாலிடர் வைக்கப் பார்க்காதீர்கள், கார்பனில் ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடும். செம்பு டேப்பின் பசையையும் நான் இனி நம்புவதாக இல்லை.

இப்போது மேலே 18.3, கீழே 18.1. எந்தப் பட்டையானாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் எண்ணைக் குறித்துக்கொள்ளாதீர்கள்: மேல், கீழ் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும்.

எண்ணை எடுப்பது

மின்னோட்டத்தைத் திருப்பிப் போட்டு மறுபடி அளந்து, குறியை விட்டுவிட்டு இரண்டின் சராசரியை எடுங்கள். செம்பும் கார்பனும் சேருமிடத்தில் வெப்ப வித்தியாசத்தால் பிறக்கும் சின்ன மின்னழுத்தம் இதில் கழிந்துவிடும். 18.3-ஐ 102-ஆல் வகுக்க 0.179 ஓம். அதைக் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கி 60 மி.மீ.ஆல் வகுத்தால் 0.00003 ஓம்-மீட்டர். கணக்குக்கும் அளவுக்கும் ஆறு சதவீதம்தான் வித்தியாசம். தடிமனை வெர்னியரில் ஒரே இடத்தில் பார்த்தால் அதைவிடப் பெரிய பிழை வரும், ஐந்து இடத்திலாவது பாருங்கள்.

இழைக்குக் குறுக்காக வெட்டிய பட்டையையும் இப்படியே அளக்கலாம். பல நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்குக்கு மேலும் அதிகமாக வரும். அது இழைகள் எத்தனை இடத்தில் தொட்டுக்கொள்கின்றன என்பதைப் பொறுத்தது. பட்டையை அழுத்திச் செய்த விதம் மாறினால் எண்ணும் மாறும். புத்தக எண்ணோடு ஒப்பிட்டு மனசைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கண்ணாடி இழைப் பட்டைக்கு இந்த முறை எதுவுமே உதவாது. அதற்கு நூற்றுக்கணக்கான வோல்ட் கொடுக்கும் வேறு மீட்டர் வேண்டும், அது வேறு பதிவு.

பிற்சேர்க்கை 1: துணி மாதிரி நெய்த பட்டையில் கணக்கைவிட இரு மடங்கு வருகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். சரியாகத்தான் வருகிறது. அதில் பாதி இழைதான் உங்கள் திசையில் ஓடுகிறது, மீதி குறுக்கே. இழைப் பங்கைப் பாதியாக்கிக் கணக்குப் போடுங்கள்.

பிற்சேர்க்கை 2: எவ்வளவு தேய்த்தும் தண்ணீர் கறுக்கவே இல்லை என்று ஒருவர் படம் அனுப்பினார். அது கார்பனே அல்ல, கண்ணாடி இழைமேல் கார்பன் போல அச்சிட்ட படலம். சந்தேகமிருந்தால் வெட்டுமுகத்தைப் பாருங்கள், அங்கே வேஷம் போட முடியாது.

பிற்சேர்க்கை 3: பட்டையை அலுமினியச் சட்டத்தில் திருகி, ஈரமான இடத்தில் சில மாதம் விட்டிருந்த ஒருவருக்கு, திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அது அலுமினியம் அரிப்பது. கார்பனும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டால் ஒரு மின்கலம் மாதிரி ஆகிவிடும், அதில் கரைவது அலுமினியம்தான். நடுவில் ஓர் அடுக்குக் கண்ணாடி இழை வைத்துத் திருகுங்கள். திருகின் தண்டும் பட்டையைத் தொடாமல் ஒரு பிளாஸ்டிக் குழாய் மாட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த வழியாகவே இரண்டும் இணைந்துவிடும்.