ஃப்ரீரைஸ்: பிள்ளைகளோடு ஆடத் தொடங்குவது எப்படி?

கேள்விக்குச் சரியாக விடை சொன்னால், பசியில் இருப்பவர்களின் உணவுக்குக் கொஞ்சம் பணம் போய்ச் சேரும். இதுதான் ஃப்ரீரைஸ் என்ற இணைய வினாடி வினா விளையாட்டு. ஜான் பிரீன் என்ற அமெரிக்கர் தன் மகன் தேர்வுக்குப் படிக்க உதவியாக உருவாக்கியது இது. 2007-இல் இணையத்துக்கு வந்தது. 2009-இல் அதை ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்துக்கே கொடுத்துவிட்டார். நானும் என் மகளும் ஆடும் முறையை அப்படியே சொல்கிறேன்.

1. திறப்பது. பிரவுசரில் ஃப்ரீரைஸ் டாட் காம். செயலியும் உண்டு, ஆனால் எனக்கு லேப்டாப்தான் பிடிக்கும். பெரியவரும் பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே திரையைப் பார்க்கலாம். அக்கவுண்ட் இல்லாமலே ஆடலாம்.

2. ஆட் பிளாக்கரை நிறுத்துவது. எங்களுக்கு அதிக நேரம் பிடித்த படி இதுதான். பிள்ளைகள் தொடும் கணினி என்பதால் பல வீடுகளில் விளம்பரத் தடுப்பான் போட்டிருப்போம். ஆனால் இங்கே பணம் வருவதே விளம்பரத்திலிருந்துதான். விடை சரியானதும் திரையில் விளம்பரம் தெரியும், அதற்கு நிறுவனங்கள் தரும் பணம் உலக உணவுத் திட்டத்துக்குப் போகும். விளம்பரம் தெரியாவிட்டால் அந்த வருமானம் இல்லை. எனவே இந்த ஒரு தளத்துக்கு மட்டும் தடுப்பானை நிறுத்துங்கள். சில வீடுகளில் வைஃபை ரவுட்டரிலேயே தடுப்பு இருக்கும். பிரவுசரில் எல்லாம் சரியாக இருந்தும் விளம்பரம் வராவிட்டால் அங்கே பாருங்கள். விளம்பரத்தைத் தொடத் தேவையில்லை என்று பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

3. பாடம். ஆங்கிலச் சொற்களில் தொடங்க வேண்டாம், சின்னப் பிள்ளைகள் சீக்கிரம் சோர்ந்துவிடுவார்கள். பெருக்கல் வாய்ப்பாடு நல்ல தொடக்கம். அப்புறம் கொடிகள், தலைநகரங்கள்.

4. அரிசியை எண்ணுவது. இதை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு சரியான விடைக்கும் சேரும் பணத்தை, இத்தனை அரிசி என்றுதான் திரை காட்டும். 100 அரிசியை எண்ணித் தட்டில் வைக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய 2 கிராம்தான் இருக்கும். ஒரு விடைக்கு 10 அரிசி என்பது நெடுநாள் இருந்த கணக்கு. இப்போது திரையில் எவ்வளவு காட்டுகிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்து என்றே வைத்தால், ஒரு பிள்ளை ஒரு வேளை சாப்பிட 60 கிராம் அரிசிக்கு 300 சரியான விடைகள் வேண்டும். இந்தக் கணக்கை என் மகளே போட்டாள். அதற்குப் பிறகு யாரும் சொல்லாமலே உட்கார்ந்து ஆடுகிறாள். உண்மையில் போவது பணம், அரிசி அதற்கான அளவுகோல் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பிற்சேர்க்கை: இந்தக் குறிப்பைப் படித்த சிலர், "பையன் யோசிக்காமல் நாலு விடையையும் மாற்றி மாற்றித் தட்டுகிறான்" என்றார்கள். தவறான விடைக்கு அரிசி குறையாது என்று பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். தட்டுவதற்கு முன் விடையையும் காரணத்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள். தெரியாத கேள்வியை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, மறுநாள் ஆட்டத்தை அந்தக் கேள்விகளிலிருந்தே தொடங்குங்கள்.