சிப் கம்பெனி ரிசல்ட்: முதலீட்டாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிப் கம்பெனிகளின் காலாண்டு முடிவு வந்ததும் பலர் பார்ப்பது விற்பனையையும் நிகர லாபத்தையும்தான். விலைப்போர் நடக்கும் நேரத்தில் அது போதாது. கிராஸ் மார்ஜினை, அதாவது விற்பனையில் தயாரிப்புச் செலவு போக மிஞ்சும் சதவீதத்தை, பார்க்காமல் விட்டுவிடுவதுதான், என் கணக்கில், எல்லாவற்றிலும் பெரிய தவறு. சொந்தமாகத் தொழிற்சாலை வைத்திருக்கும் கம்பெனிக்குச் செலவில் பெரும்பங்கு கட்டடமும் இயந்திரமும். சிப் விலையைக் குறைத்ததற்காக அவற்றின் தேய்மானம் குறையப் போவதில்லை. குறைத்த பணம் அப்படியே மார்ஜினில் இடிக்கும்.

2006-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இன்டெல் கோர் 2 டுவோ என்ற புது சிப்பை இறக்கி, பழைய பென்டியம் விலைகளைத் தடாலடியாக வெட்டியது. போட்டிக் கம்பெனியான ஏஎம்டியும் விடவில்லை, தன் அத்லான் சிப் விலையை இறக்கியது. 2005-இல் 59 சதவீதத்தைத் தாண்டியிருந்த இன்டெலின் மார்ஜின் அடுத்த ஆண்டில் 51.5-க்கு வந்தது. நிகர லாபம் சுமார் 866 கோடி டாலரிலிருந்து 504 கோடியானது. அடித்தவருக்கே இந்த அடி! ஒருவர் நஷ்டம் மற்றவர் லாபம் என்று கணக்குப் போட்டுப் பங்கு வாங்குவது இதனால்தான் ஆபத்து.

சரி, 2007-இல் ஏஎம்டி காட்டிய சுமார் 338 கோடி டாலர் நஷ்டம் முழுக்க விலைப்போரால் வந்ததா? அதுவும் இல்லை. முந்தைய ஆண்டு 540 கோடி டாலருக்கு வாங்கிய ஏடிஐ என்ற கிராஃபிக்ஸ் சிப் கம்பெனியின் மதிப்பைக் கணக்கில் குறைத்து எழுதியதும் அதில் பெரும் பகுதி. இப்படி ஒருமுறை வரும் செலவைப் பிரித்துப் பார்க்காமல் பதறுபவர்கள் இன்றும் நிறைய. நிர்வாகம் ‘ஒருமுறைச் செலவு’ என்று ஒவ்வொரு ஆண்டும் சொன்னால் மட்டும் சந்தேகப்படலாம்.

விலை குறைவு என்றாலே லாபமும் குறைவு என்று முடிவுகட்டுவதும் தவறு. 2017-இல் எட்டு கோர் (சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) கொண்ட ஏஎம்டியின் ரைசன் 7 1800எக்ஸ் 499 டாலருக்கு வந்தது. இன்டெலின் எட்டு கோர் சிப் அப்போது ஆயிரம் டாலருக்கு மேல். ஆனாலும் ஏஎம்டியின் மார்ஜின் அந்த ஆண்டு 34 சதவீதமாக ஏறியது, மறு ஆண்டு 38. ஏனென்றால் அதற்கு முன் அவர்கள் விற்றுக்கொண்டிருந்த சிப்கள் இன்னும் மலிவானவை.

அப்புறம், கையிருப்பு. கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களிடம் சிப்கள் தேங்கினால் அடுத்த காலாண்டு ஆர்டர் படுத்துவிடும். 2022 அக்டோபரில் ஏஎம்டி, 670 கோடி டாலர் விற்பனை எதிர்பார்த்த காலாண்டில் சுமார் 560 கோடிதான் வரும் என்று முன்கூட்டியே அறிவிக்க நேர்ந்தது, பெரும்பாலும் இதனால்தான்.