எட்டாம் வகுப்பும் ஒரு ஃபீஸ் ரசீதும்

"காலேஜ்னா லட்சக்கணக்குல ஆகும் மிஸ், எங்கப்பாவால முடியாது." என் எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் இப்படித்தான் சொன்னார்கள். மீதிப் பேருக்குக் காலேஜ் என்றால் டாக்டர், இன்ஜினியர். அதற்கு மேல் யோசனை ஓடவில்லை.

முதலில் போர்டில் எழுதிப் போட்டேன். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி போனால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய், தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. நோட்டில் எழுதிக்கொண்டார்கள், நம்பவில்லை. எனக்கே அது விளம்பரம் மாதிரிதான் பட்டது.

அடுத்த வாரம், அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. படிக்கும் எங்கள் பழைய மாணவியை வரச்சொன்னேன். பேச்சு சுமார்தான். ஆனால் பையிலிருந்து கசங்கிய ஃபீஸ் ரசீதை எடுத்தாள். வருஷத்துக்கே மூவாயிரத்துக்குள். அது பெஞ்சு பெஞ்சாகப் போய்த் திரும்பி வந்தபோது ஓரம் கிழிந்திருந்தது. "ஒரு சைபர் விட்டுப்போச்சாக்கா?" என்றான் ஒருவன்.

"இங்கிலீஷ் வராட்டி?"

"நானும் தமிழ் மீடியம்தான். முதல் செமஸ்டர்ல ஒரு பேப்பர் அரியர், அப்புறம் எழுதிப் பாஸாயிட்டேன்."

அரியர் எழுதலாம் என்பதே பலருக்குப் புதுச் செய்தி. ஃபெயிலானால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்திருந்தார்கள்.

இப்போது பெற்றோர் கூட்டத்துக்கும் அந்த ரசீதின் ஜெராக்ஸைக் கொண்டுபோகிறேன், பெயரை மறைத்து.