பாட்டுச் செய்தி போடுற பெடியளே, உந்தப் பிழையளை விடாதேங்கோ

போன வருசம் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கோயில்ல கோவலன் கூத்து நடந்தது, நானும் போனைத் தூக்கிக்கொண்டு போய் விடிய விடிய நிண்டு எடுத்து, அடுத்த நாள் அதை ஒண்டரை நிமிச வீடியோவா வெட்டி, மேல "எங்கள் மண்ணின் கலை" எண்டு எழுதி, பின்னால ஒரு புல்லாங்குழல் மியூசிக்கையும் ஒட்டிப் போட்டு விட்டன். லைக் எண்டா அப்பிடி ஒரு லைக். ரொறொன்ரோ, பாரிஸ், சுவிஸ் எண்டு எல்லா இடத்தாலயும் இதயம் இதயமா வந்து விழுது. மூண்டு நாள் கழிச்சு, அந்தக் கூத்தைப் பழக்கின அண்ணாவியாரைச் சந்தைக்குள்ள கண்டன். மனுசன் சிரிச்சுக்கொண்டே, "தம்பி, வீடியோ பாத்தனான், வடிவா இருக்கு, ஆனா நான் பாடினதைக் காணேல்லையே ராசா" எண்டார்.

எனக்கு என்ன சொல்லுறதெண்டே தெரியேல்லை. கூத்தைப் பற்றின செய்தியில கூத்தின்ர சத்தமே இல்லை. அவற்ற பேர் இல்லை, பிற்பாட்டுப் பாடினவையின்ர பேர் இல்லை, மத்தளம் ஆர் ஆர்மோனியம் ஆர் எண்டில்லை, எந்தக் கோயில் எந்தத் திகதி எண்டும் இல்லை. மண்ணின் கலை எண்டு போட்டன் தானே, அது எந்த மண் எண்டு கூடப் போடேல்லை!

அதுக்குப் பிறகு மற்றப் பெடியள் போடுறதையும் உத்துப் பாக்கத் தொடங்கினன். கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்பு, வவுனியா எண்டு இப்ப எல்லா இடத்திலயும் ரெண்டு பேராவது பேஸ்புக்கிலயோ யூரியூப்பிலயோ மேளச் சமா (தவில் நாதஸ்வரக் கச்சேரி), பாட்டுக் கச்சேரி, புதுப் பாட்டு வெளியீடு எண்டு செய்தி போடினம், நல்ல விசயந்தான், ஆனா எல்லாரும் விடுற பிழை கிட்டத்தட்ட ஒண்டுதான். வீடியோவை, லிங்கை, கொமென்ட்டை எல்லாம் செய்திக்குக் கட்டிற தோரணம் எண்டு நினைக்கிறம். பாட்டுச் செய்தியில அதுதான் செய்தியே.

முதல்ல சத்தத்தைப் பற்றிக் கதைப்பம். மேல மியூசிக் ஒட்டுறது எவ்வளவு மடத்தனம் எண்டு என்ர கதையிலயே விளங்கியிருக்கும், ஆனா அதில இன்னொரு வில்லங்கமும் கிடக்கு. சினிமாப் பாட்டை ஒட்டினா யூரியூப் கண்டுபிடிச்சிடும், 2007ஆம் ஆண்டில இருந்தே அதுக்கெண்டு கொன்டென்ட் ஐடி எண்டு ஒரு ஏற்பாடு ஓடுது, நீங்கள் ஏத்துற ஒவ்வொரு வீடியோவையும் கொம்பனியள் குடுத்து வச்ச பாட்டுகளோட ஒப்பிட்டுப் பாக்கும். பிடிபட்டா பெரும்பாலும் வீடியோ அழியாமல் அப்பிடியே இருக்கும், ஆனா விளம்பரக் காசு பாட்டுக் கொம்பனிக்குப் போகும், சில நேரம் வீடியோவையே மறிச்சு விட்டிடும். இதுக்குப் பேர் கிளெய்ம். ஸ்ட்ரைக் எண்டது வேற, அது உரிமைக்காரரே முறையா முறைப்பாடு குடுத்து வீடியோவைத் தூக்குறது, 90 நாளுக்குள்ள மூண்டு விழுந்தா சனலே போச்சு. ரெண்டையும் போட்டுக் குழப்பி, கிளெய்ம் வந்த உடன "என்ர சனலை அழிக்கப் பாக்கினம்" எண்டு அழுது வீடியோ போட்ட பெடியனையும் எனக்குத் தெரியும். இலங்கையிலயும் 2003ஆம் ஆண்டின்ர 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கு, பாட்டு ஆக்கினவர் செத்து 70 வருசம் வரைக்கும் உரிமை உயிரோட இருக்கும், அதால "பழைய பாட்டுத்தானே" எண்டு சொல்லித் தப்பேலாது.

பிறகு எடுக்கிற முறை. போன் மைக் சத்தத்தைத் தன்ரபாட்டில கூட்டிக் குறைக்கும், தவில்காரர் ஓங்கி ஒரு அடி போட்டா அதை அமுக்கிறன் எண்டு நாதஸ்வரத்தையும் சேத்து அமுக்கிப்போடும், அடி ஓய்ஞ்ச உடன பக்கத்தில கச்சான் கொறிக்கிற சத்தத்தைப் பெருப்பிச்சுக் காட்டும். ஸ்பீக்கர் பொக்ஸுக்கு முன்னால போய் நிண்டீங்களெண்டா முழுக்கக் கிழிஞ்சுதான் கேக்கும். கொஞ்சம் தள்ளி, ஒரு பக்கமா நிண்டு, முதல்ல பத்து செக்கன் எடுத்துப் போட்டுக் கேட்டுப் பாத்திட்டுப் பிறகு எடுங்கோ. பறை எடுக்கேக்க இன்னும் தள்ளி நில்லுங்கோ. வட்ஸ்அப்பில அனுப்பி வாங்கேக்க வீடியோவா அனுப்பாமல் டொக்கியூமென்ட்டா அனுப்பச் சொல்லுங்கோ, இல்லாட்டி அது நசுக்கித்தான் தரும்.

பாட்டை வெட்டிற அளவும் ஒரு பிரச்சினை. பதினைஞ்சு செக்கன்ல என்ன ராகம் தெரியும்? ஒரு பாட்டெண்டாலும் முழுக்க விடுங்கோ. பாக்கிற ஆளின்ர டேட்டாவையும் யோசியுங்கோ, எங்கட சனம் ரீலோட் போட்டுத்தான் பாக்குது. செக்கனுக்கு 5 மெகாபிட் ஓடுற மூண்டு நிமிச வீடியோ கிட்டத்தட்ட 110 எம்பி தின்னும், அதே மூண்டு நிமிசத்தை 128 கிலோபிட் ஓடியோவாப் போட்டா 3 எம்பிதான் வரும். ஆள் சும்மா நிண்டு பாடுற வீடியோவில பாக்க ஒண்டுமில்லையெண்டா ஒரு படமும் ஓடியோவும் காணும். கூத்தெண்டா அது சரிவராது, ஆட்டம் பாக்க வேணும்.

இப்ப பேர் விசயம், இதில எனக்குக் கோவமே வரும். 2021இல யொஹானி பாடின மெணிகே மகே ஹிதே எண்ட சிங்களப் பாட்டு உலகம் முழுக்க ஓடிச்சுது தானே, எங்கட ஆக்கள் எல்லாரும் "யொஹானியின் பாடல்" எண்டுதான் போட்டவை, ஆனா அது அதுக்கு முதல் வருசம், 2020இல சதீஷன் ரத்நாயக்க வெளியிட்ட பாட்டு, 2021இல வந்தது அவரும் சேந்து பாடின மறுபதிப்பு. ஒரு வரி எழுதினா முடிஞ்சுது. அதே வருசம் ஆவணியில இன்னொண்டு நடந்தது. ரோலிங் ஸ்டோன் இந்தியாவின்ர அட்டைப்படத்தில பாடகி தீயையும் யாழ்ப்பாணத்தில பிறந்து கனடாவில வளந்த ஷான் வின்சன்ட் டி போலையும் போட்டாங்கள், என்ஜாய் எஞ்சாமி பாட்டை எழுதித் தீயோட சேந்து பாடின அறிவை விட்டிட்டாங்கள். இயக்குநர் பா. ரஞ்சித்தில இருந்து சாதாரண ரசிகர் வரை கேள்வி கேட்டவை, பிறகு அறிவைத் தனிய வச்சு ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. அவ்வளவு பெரிய பத்திரிகைக்கே இந்த நிலைமை எண்டா எங்கட போஸ்டுகளில எத்தினை பேர் விடுபட்டுப் போயினம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. பாடினவர், எழுதினவர், மெட்டுப் போட்டவர், வாசிச்சவை எண்டு எல்லாற்ற பேரையும் அண்டைக்கே, மேடைக்குப் பின்னால போய்க் கேட்டு எழுதுங்கோ. எழுத்தையும் கேளுங்கோ, எங்கட ஊரில ஒரே பேரை நாலு விதமா எழுதுவினம். "தவில் வித்துவான் குழுவினர்" எண்டு எழுதாதேங்கோ, குழுவினருக்கும் அம்மா அப்பா வச்ச பேர் இருக்கு.

நோட்டீஸைப் படமாப் போட்டிட்டுச் சும்மா இருக்கிறதும் பிழைதான். திகதி, நேரம், இடம் எல்லாம் படத்துக்குள்ள கிடக்கும், மேல "அனைவரும் வருக" மட்டும். தேடினா வராது. போரில பார்வை போன எத்தினையோ பேர் இஞ்ச இருக்கினம், அதில பாட்டுப் பிரியர் கனபேர், அவையின்ர போன் எழுத்தைத்தான் வாசிச்சுச் சொல்லும், உங்கட படத்தில இருக்கிறதை ஒழுங்காச் சொல்லாது. பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்சதை அப்பிடியே கொண்டுவந்து ஒட்டுற ஆக்களும் இன்னும் இருக்கினம், அது ஏதோ கோழி கிளறின மாதிரி இங்கிலிஸ் எழுத்தா நிக்கும், யுனிகோட்டுக்கு மாத்திப்போட்டு ஒட்டுங்கோ. "இன்று மாலை" எண்டு எழுதிறதை விடுங்கோ. எண்டைக்கு இன்று? "பிள்ளையார் கோயிலில்" எண்டாலும் காணாது, வன்னியில குளத்துக்கு ஒரு பிள்ளையார் இருக்கிறார்.

திகதி போடாததால வாற பெரிய சேதம் என்னெண்டா பழைய வீடியோ புதுசாகிறது. வற்றாப்பளை அம்மன் பொங்கல் வைகாசியில வந்தால் காணும், மூண்டு வருசத்துக்கு முந்தின பறைச் சத்தம் "நேற்று இரவு" எண்டு சுத்தத் தொடங்கும். மடு மாதா திருவிழா ஓகஸ்ட் 15க்கும் அதே கதைதான். போட்டவனைக் கேட்டா தனக்கு வட்ஸ்அப்பில வந்ததெண்டுவான்.

வட்ஸ்அப்பில வந்தது எண்டது ஒரு ஆதாரமே இல்லைப் பாருங்கோ. 2020 ஜூன்ல எஸ். ஜானகி அம்மா செத்துப்போட்டா எண்டு வந்த பொய்யை எத்தினை பேர் கண்ணீர் அஞ்சலிப் படத்தோட போட்டவை. எஸ்.பி. பாலசுப்ரமணியம் தானே வீடியோவில வந்து, அவ சுகமா இருக்கிறா, உப்பிடிப் பரப்பாதேங்கோ எண்டு சொல்ல வேண்டி வந்தது. பாவம், அதே வருசம் செப்ரெம்பர் 25 அந்த மனுசனும் போயிட்டார். சாவுச் செய்தியெண்டா வீட்டு ஆக்களிட்டயோ கூட வாசிக்கிற ஆக்களிட்டயோ கேட்டு உறுதியாகும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கோ, முதல்ல போட்டவருக்கு ஆரும் மாலை போடப்போறதில்லை.

லிங்குக்கு வருவம். ஒரு பெடியன் வீட்டில இருந்து பாட்டு ஆக்கி, கடன் பட்டு ரெக்கோட் பண்ணி, தன்ர சனல்ல போடுறான், நாங்கள் என்ன செய்யிறம், அந்த வீடியோவை இறக்கி எங்கட பேஜில ஏத்திப்போட்டு "தம்பிக்கு வாழ்த்துக்கள்" எண்டு எழுதுறம். வியூஸ் எங்களுக்கு, வாழ்த்து அவனுக்கு. அவன்ர சனல் லிங்கைக் குடுங்கோ, அதுவும் அவனே ஏத்தின லிங்கா எண்டு பாத்துக் குடுங்கோ, ஏனெண்டா தேடினா முதல்ல வாறது சில நேரம் ஆரோ களவா ஏத்தினதா இருக்கும். நாலு மணித்தியால லைவின்ர லிங்கைப் போட்டு "தனி ஆவர்த்தனம் கேளுங்கள்" எண்டும் எழுதுறாங்கள், எங்க போய்த் தேடுறது? யூரியூப் லிங்கில இந்த நிமிசத்தில தொடங்கு எண்டு குடுக்கலாம், ஷெயர் அமத்தேக்க கீழ ஒரு சின்னப் பெட்டி வரும், அதில சரி போட்டா முடிஞ்சுது. "இங்கே அழுத்தவும்" எண்டு மொட்டையா விடாமல் அழுத்தினா என்ன வரும் எண்டு எழுதுங்கோ, இணைப்பு இழுக்காத ஊரில இருக்கிற ஆள் அழுத்திறதோ விடுறதோ எண்டு அதைப் பாத்துத்தான் முடிவெடுக்கும்.

லிங்கை மட்டும் நம்பி இருக்கிறதும் கூடாது. மைஸ்பேஸ் எண்டு ஒண்டு இருந்தது, ஒரு காலத்தில உலகத்துப் பாட்டுக்காரர் எல்லாரும் அதிலதான் பாட்டு வச்சிருந்தவை. சேர்வர் மாத்தேக்க 2003 தொடக்கம் 2015 வரை ஏத்தின எல்லாம் அழிஞ்சு போச்சு எண்டு 2019இல தெரிய வந்தது, 5 கோடிக்கு மேல பாட்டாம். அதால லிங்குக்குக் கீழ பாட்டின்ர பேர், ஆக்கள், வெளிவந்த திகதி, பாட்டில என்ன இருக்கு எண்டு ரெண்டு வரியாவது எழுதுங்கோ, நாளைக்கு லிங்க் செத்தாலும் செய்தி உயிரோட இருக்கும்.

கடைசியா கொமென்ட். கனபேர் போட்டிட்டுப் போயிடுவினம், கீழ என்ன நடக்குதெண்டு திரும்பிப் பாக்கிறதில்லை. நான் கண்டளவில எங்கட பாட்டுச் செய்தியில ஆகப் பெறுமதியான சரக்கு கீழதான் கிடக்கும். ஒரு பழைய மேளச் சமாப் படம் போட்டா, லண்டன்ல இருக்கிற ஒரு ஐயா வந்து "இடது பக்கம் நிக்கிறவர் எங்கட பெரியப்பா, அது ஒட்டுசுட்டான் திருவிழா" எண்டு எழுதுவார். நல்லது, ஆனா உடன தூக்கி மேல போடாதேங்கோ, இன்னொரு ஐயா வந்து அது வேற ஊர், வேற ஆள் எண்டுவார், ரெண்டு பேரிட்டயும் கேட்டு, ஊரில வயசான ஆக்களிட்டயும் காட்டிப்போட்டு எழுதுங்கோ. பிழையெண்டு தெரிஞ்சா மேல இருக்கிறதைத் திருத்தி, "திருத்தினது" எண்டு திகதியோட போட்டு, சொன்ன கொமென்ட்டை மேல பின் பண்ணி வையுங்கோ. பிழை சொன்னவரை அழிச்சுப்போட்டுப் பிளொக் பண்ணுற ஆக்களும் இருக்கினம், அவையோட எனக்குக் கதை இல்லை.

பறை அடிக்கிறவையின்ர வீடியோவுக்குக் கீழ சாதிப் பேர் சொல்லி எழுதிற சாதியள் இன்னும் இருக்குதுகள். அதுக்கு விளக்கம் குடுத்துக்கொண்டு நிக்காதேங்கோ, கண்ட உடன தூக்குங்கோ. பேஸ்புக்கிலயும் யூரியூப்பிலயும் சில சொல்லை முதலே மறிச்சு வைக்கலாம், தமிழ் எழுத்திலயும் இங்கிலிஸ் எழுத்திலயும் ரெண்டு விதமாவும் போட்டு வையுங்கோ. பள்ளிக்கூடப் பிள்ளையள் பாடுற வீடியோவெண்டா கொமென்ட்டை மூடினாலும் பிழையில்லை, 2019இல யூரியூப்பே சின்னப் பிள்ளையள் வாற கனக்க வீடியோவுக்கு மூடினது. பாட்டுக்காரற்ற போன் நம்பரைக் கேக்கிற ஆக்களுக்குக் கொமென்ட்டிலயே குடுக்காதேங்கோ, பாடுற பிள்ளை பொம்பிளைப் பிள்ளையெண்டா அதுக்குப் பிறகு அவ படுற பாடு உங்களுக்குத் தெரியாது.

நான் விட்ட இன்னொரு பிழையையும் சொல்ல வேணும். அந்தக் கூத்துக்கு மத்தளம் அடிச்ச ஐயா இந்த மாசி மாசம் செத்துப்போயிட்டார். ரெண்டு கிழமையால என்ர அந்த ஒண்டரை நிமிச வீடியோவுக்குக் கீழ பிரான்ஸில இருந்து அவற்ற மகள் எழுதியிருக்கிறா, அண்ணா, அப்பா அடிச்ச சத்தம் எங்களிட்ட ஒண்டும் இல்லை, முழுசா எடுத்தது இருந்தா அனுப்பேலுமோ எண்டு. போன்ல இடமில்லையெண்டு நான் அதை அண்டைக்கே அழிச்சிட்டன். என்னட்டக் கிடந்தது புல்லாங்குழல் ஒட்டினதுதான். வெக்கத்தை விட்டு அண்டிரவு நிண்ட பெடியள் எல்லாரிட்டயும் கேட்டுத் திரிஞ்சன், ஒருத்தன்ர போன்ல 40 செக்கன் இருந்தது, அதில பாதி அவன்ர கூட்டாளி கத்துற சத்தம். டொக்கியூமென்ட்டா அனுப்பி விட்டன்.