நாலுவழிச் சாலையை விட்டு இறங்குறது எப்படி? திருச்சி டு புதுக்கோட்டை, சுத்து வழியில

திருச்சில இருந்து புதுக்கோட்டைக்கு கீரனூர் வழியா போனா 55 கிலோமீட்டர் கிட்ட வரும், டிராஃபிக் இல்லன்னா ஒன்னேகால் மணி நேரத்துல போயிடலாம், மேப்பும் அதைத்தான் காட்டும். இந்த போஸ்ட் அந்த வழிக்கு இல்ல. அதே புதுக்கோட்டைக்கு விராலிமலை, கொடும்பாளூர், இலுப்பூர், அன்னவாசல், சித்தன்னவாசல்னு சுத்திக்கிட்டு ஒரு பகல் முழுக்க எப்படி போறதுன்னு சொல்றேன். வேற ஊருக்கும் இதே முறைதான். ஸ்டெப்னில காத்து, தண்ணி பாட்டில், ஆர்.சி. புக் இதெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்ல.

ஸ்டெப் 1: முந்தின நாள் ராத்திரி சாட்டிலைட் வியூ

போன்ல வேணாம், லேப்டாப்ல பாருங்க. புதுக்கோட்டை பக்கம் எங்க பாத்தாலும் குளமும் கண்மாயுமா இருக்கும், வளைஞ்ச கரையோட மேல இருந்து பாத்தா நல்லாவே தெரியும். அந்தக் கரைய ஒட்டியோ கரை மேலயோ ரோடு போகுதான்னு பாருங்க. போகுதுன்னா அந்த ரோட்ட எடுத்துக்கோங்க, ஏமாத்தாது. ஒரு பக்கம் தண்ணி, இன்னொரு பக்கம் வயல், நடுவுல புளிய மரம். ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்புறம், தை வரைக்கும் போனா தண்ணி இருக்கும். சித்திரைல போனா வேற ஒன்னு பாக்கலாம், கீழ சொல்றேன்.

ஸ்டெப் 2: மேப்ப நம்ம சொல்பேச்சு கேக்க வைக்கிறது

எல்லாரும் மாட்டுற இடம் இதுதான், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

கூகுள் மேப்ஸ்ல ரூட் ஆப்ஷன்ஸ் போய் 'அவாய்ட் ஹைவேஸ்' ஆன் பண்ணிட்டா போதும்னு பல பேர் சொல்வாங்க. போதாது. அது பெரிய ஹைவேயத்தான் தவிர்க்கப் பாக்கும், மத்தபடி நமக்கு எது புடிக்கும்னு அதுக்கு எப்படி தெரியும். லேப்டாப்ல நீலக் கோட்ட புடிச்சு இழுத்து நமக்கு வேணும்கற ரோட்டுல வைக்கலாம்தான், ஆனா அதை போனுக்கு அனுப்பும்போது அப்படியே வரும்னு நம்பாதீங்க. வந்தாலும் பாதி வழில 'வேகமான பாதை இருக்கு'ன்னு ஒன்னு காட்டும், கண்டுக்காம விட்டா சில நேரம் தானாவே மாத்திக்கும், நீங்க பாட்டு கேட்டுக்கிட்டே ஓட்டிட்டு நிமிர்ந்து பாத்தா திரும்ப நாலுவழிச் சாலைல நிப்பீங்க.

நான் பண்றது இது. புதுக்கோட்டைன்னு போடவே மாட்டேன். முதல்ல விராலிமலை மட்டும். அங்க போய் இறங்கி, டீ குடிச்சிட்டு, அடுத்து கொடும்பாளூர். அப்புறம் இலுப்பூர். அப்புறம் அன்னவாசல். ஒவ்வொன்னும் சின்ன தூரம், அதுக்குள்ள மேப்பு நம்மள எங்கயும் கடத்திட்டு போக முடியாது. 'ஆட் ஸ்டாப்' போட்டு எல்லாத்தையும் ஒரே ரூட்டா கோக்கலாம், ஆனா ஒரு இடத்தை வேணாம்னு விட்டுட்டா அதை எடுக்குற வரைக்கும் திரும்பு திரும்புன்னு உயிரை வாங்கும், எனக்கு அது ஒத்து வரல.

மேப்புல இடத்தைக் குறிக்கிற பின் வைக்கிறதுலயும் ஒரு விஷயம். ஊர் பேரை டைப் பண்ணாதீங்க. நம்ம ஊர்ல எத்தனை மேட்டுப்பட்டி, எத்தனை புதூர் இருக்குன்னு உங்களுக்கே தெரியும். மேப்ப பெருசாக்கி அந்த ஊர் முக்குல, பஸ் நிக்கிற இடத்துல விரல அழுத்தி புடிச்சு பின் போட்டு 'சேவ்' பண்ணிக்கோங்க.

*அப்டேட்: ஒருத்தர் பின்ன ஊருக்கு நடுவுல வச்சுட்டு காரோட ஒரு சந்துக்குள்ள போய், ரிவர்ஸ் எடுக்க ஒரு வீட்டு திண்ணைல இருந்த பாட்டிய எழுப்பி கட்டில நகத்த வேண்டியதா போச்சுன்னு கமெண்ட் போட்டிருந்தார். அதனாலதான் முக்குல வைங்கன்னு சொல்றேன், தார் ரோட்டு மேலயே.*

ஸ்டெப் 3: ஆஃப்லைன்

சிக்னல் சில இடத்துல படுத்துக்கும். கூகுள்லயே ஏரியாவ டவுன்லோட் பண்ணிக்கலாம், ஆனா என் ஓட்டு ஆர்கானிக் மேப்ஸ்ங்கற ஆப்புக்கு. இலவசம், விளம்பரம் இல்ல, மண் ரோட்ட தவிர்க்கவும் ஆப்ஷன் இருக்கு. ஓஎஸ்எம்ஆண்ட்னு இன்னொரு மேப் ஆப்ல இன்னும் நிறைய வசதி உண்டு, அதைக் கத்துக்கிறதுக்குள்ள லீவு முடிஞ்சிடும். பைக்னா கூகுள்ல டூ வீலர் மோடு வைங்க, ஆனா அது காட்டுற குறுக்கு வழி எல்லாம் மழைக்காலத்துல போற வழி இல்ல.

ஸ்டெப் 4: ரோட்டுல

வழி கேக்கும்போது 'இந்த ரோடு நல்லா இருக்குமா'ன்னு கேக்காதீங்க. எல்லாரும் 'நல்லா இருக்கும் போங்க'ன்னுதான் சொல்வாங்க, அவங்க டிவிஎஸ் எக்ஸெல்ல போறவங்க. 'இதுல டவுன் பஸ் போகுமாண்ணே?'ன்னு கேளுங்க. போகும்னா உங்க காரும் போகும். மினி பஸ் மட்டும்தான்னா எதிர்ல வண்டி வந்தா மண்ல இறங்கணும்.

மைல் கல்லையும் பாத்துக்கோங்க. தலை மஞ்சளா இருந்தா தேசிய நெடுஞ்சாலை, பச்சைன்னா மாநில ரோடு, ஆரஞ்சுன்னா கிராமச் சாலைத் திட்டத்துல போட்டது. ஆரஞ்ச பாத்தா ஸ்பீட குறைங்க, பெயின்ட் அடிக்காத வேகத்தடை ஊருக்கு ரெண்டு இருக்கும். அறுவடை சமயத்துல ரோட்டுலயே கதிரையும் கொள்ளுச் செடியையும் பரப்பி வச்சிருப்பாங்க. கார்ல போறவங்க மெதுவா, நிறைய கிடந்தா ஓரம் கேட்டு போங்க, தழை அடில சுத்திக்கிட்டா எடுக்குறது பெரிய வேலை. பைக் வழுக்கும்.

ஸ்டெப் 5: நிறுத்துறது

விராலிமலைல முருகன் மலை மேல இருக்கார், சுத்தி மயில், ரோட்டுல குறுக்க ஓடும். இந்த முருகனுக்கு சுருட்டு படைக்கிற வழக்கம் உண்டு, படியேறுற தெம்பு இருந்தா ஏறுங்க.

கொடும்பாளூர்ல மூவர் கோயில். பூதி விக்கிரமகேசரின்னு இந்தப் பக்கம் ஆண்ட இருக்குவேளிர் வம்சத்துத் தலைவர் 10-ஆம் நூற்றாண்டுல தன் பேர்லயும் ரெண்டு மனைவிங்க பேர்லயும் கட்டினது, ரெண்டு விமானம் நிக்குது, மூணாவதுக்கு அடித்தளம் மட்டும்தான். எனக்கு அதை விட புடிச்சது வேற. சிலப்பதிகாரத்துல கோவலன் மதுரைக்கு வழி கேக்கும்போது, கொடும்பைக் குளக்கரைக்கு போனா பாதை சிவன் சூலம் மாதிரி மூணா பிரியும்னு ஒரு மறையோன் (அந்தணர்) வழி சொல்றார். அந்தக் கொடும்பை இதுதான். எது கஷ்டம், எதுல என்ன இருக்கும்னு ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியா சொல்வார், டீக்கடை அண்ணன் தோத்தார்.

இப்ப அந்த சித்திரை மேட்டர். தண்ணி வத்தின குளத்துக்குள்ள, கரைல இருந்து கொஞ்சம் தள்ளி, ரெண்டு கல் தூண் ஜோடியா நிக்கும், நடுவுல குறுக்க கல்லு. பாழடைஞ்ச மண்டபம்னு நினைச்சு போயிடாதீங்க, வண்டிய நிறுத்துங்க. அது குமிழித் தூம்பு, பழைய காலத்து மதகு. அடில கல் தொட்டி, அதுல ஓட்டை, அதை அடைக்க ஒரு குழவி. குளம் ரொம்பி இருக்கும்போது ஒரு ஆள் நீந்திப் போய் குழவிய தூக்கினா, தண்ணி கரைக்கு அடில இருக்குற சுரங்கக் கால்வாய் வழியா வயலுக்கு போகும். கீழ இருக்குற சின்ன துளை வழியா சேறும் கூடவே வெளிய போயிடும், அதனால குளம் சீக்கிரம் தூர்ந்து போகாது. சில தூண்ல யார் செஞ்சு குடுத்ததுன்னு கல்வெட்டே இருக்கும். கைய வச்சு சுரண்டாதீங்க, சாக்பீஸ் தேய்க்காதீங்க, சாயங்கால வெயில் சாய்வா விழும்போது எழுத்து தானா தெரியும்.

சித்தன்னவாசல் ஓவியம் எல்லாரும் பாக்குறது, டிக்கெட் வாங்கி உள்ள போனா விதானத்துல தாமரைக் குளம், பூப் பறிக்கிற ஆளுங்க, மீன், யானை. அங்கயே இருக்குற ஏழடிப்பட்டம்ங்கற குகைக்கு மலை ஏறணும், வெயிலுக்கு முன்னாடி ஏறிடுங்க, சமணர் கல் படுக்கை தலைகாணியோட செதுக்கி இருக்கும், தமிழிங்கற பழைய தமிழ் எழுத்துல கல்வெட்டும் உண்டு. அன்னவாசல் சுத்துவட்டாரத்துல ரோட்டோரமா வட்டமா கல்லு அடுக்கின மாதிரி தெரிஞ்சா அது பெருங்கற்காலத்து ஈமக்காடு, அதாவது செத்தவங்கள புதைச்ச இடம், அதுக்கு டிக்கெட்டும் இல்ல, பல இடத்துல போர்டும் இல்ல.

பக்கத்துல இருக்குற குடுமியான்மலைய இதே நாள்ல திணிக்காதீங்க. அந்த இசைக் கல்வெட்டுக்கும் மண்டபச் சிலைங்களுக்கும் தனியா ஒரு அரை நாள் வேணும்.

*அப்டேட் 2: திரும்பி வரும்போது 'அவாய்ட் ஹைவேஸ்' ஆஃப் பண்ண மறந்துடாதீங்க, ராத்திரி எட்டு மணிக்கு லைட் இல்லாத ரோட்டுல ஆட்டு மந்தை பின்னாடி போயிட்டு இருந்தோம்னு ரெண்டு பேர் சொல்லிட்டாங்க. இருட்டினதும் கீரனூர் ரோட்டப் புடிச்சு நேரா திருச்சி.*