ஸிக்கு செய்யக் கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொலிவியாவின் எல் ஆல்ட்டோ நகரில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு ஸிக்கு என்னும் நாணற்குழல் வரிசையைச் செய்யக் கற்க வரும் இளைஞர்கள், என் தலைமுறையினர் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இன்றும் விழுகிறார்கள். வாள் விரலில் படுவது, கணு இருக்கும் முனையை அறுத்துவிடுவது போன்றவற்றை அனுபவமே திருத்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பச்சை நாணலை அறுப்பது

ஆண்டிஸ் மலைத்தொடரின் கிழக்குப் பக்கமுள்ள யுங்காஸ் சரிவுகளிலிருந்து வரும் நாணல் நிழலில் நன்றாக உலர வேண்டும். ஈரம் இருக்கும்போதே அளந்து அறுத்தால், பிறகு அது சுருங்கி விரிசல் விடும், சுருதியும் நிலைக்காது.

இராவையும் அர்க்காவையும் வேறு வேறு வேளைகளில் சுருதி சேர்ப்பது

என்னை இன்றுவரை எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஸிக்கு தனி ஆளுக்கான கருவி அன்று. இன்று பரவலாக உள்ள அமைப்பில் ஆறு குழல்கள் கொண்ட இராவும் ஏழு குழல்கள் கொண்ட அர்க்காவும் ஒரு சோடி; ஸ்வரவரிசையின் ஸ்வரங்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டிலும் பங்கிடப்பட்டிருப்பதால், இருவர் மாறி மாறி ஊதினால்தான் மெட்டு முழுமை பெறும்.

ஒரு குளிர்காலத்தில், ஊர்த் திருவிழாவுக்காக ஒரு குழுவினர் கேட்ட முழு த்ரோப்பாவை, அதாவது சிறிய சூலி முதல் பெரிய ஸங்கா வரையிலான தொகுதியை, என்னிடம் பயின்ற ஓர் இளைஞர் ஏற்றுக்கொண்டார். விடியற்காலைக் குளிரில் இராக்களையும், தகரக் கூரை காய்ந்த பிற்பகலில் அர்க்காக்களையும் சுருதி காட்டும் டியூனரில் பச்சை விளக்கு எரியும்வரை இழைத்து முடித்தார். தனியே ஊதியபோது ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. சோடி சேர்த்து ஊதியதும் ஒவ்வோர் அடியிலும் மெட்டு தடுமாறியது.

காரணம் எளிது. ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது; 10 பாகை செல்சியஸ் கூடினால் சுருதி ஏறத்தாழ 30 சென்ட், அதாவது அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உயரும். உயரமான ஊரின் மெல்லிய காற்றுதான் சுருதியை மாற்றுகிறது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் மாற்றுவது குளிரே. ஒரு முனை மூடிய குழலில் 392 ஹெர்ட்ஸ் ஸ்வரத்துக்கு ஏறக்குறைய 22 செ.மீ. நீளம் வேண்டும் என்றால், அந்த 30 சென்ட் கிட்டத்தட்ட 4 மி.மீ. நாணலுக்குச் சமம். குளிரில் தாழ்ந்து ஒலித்த இராவை அவர் அந்த அளவு கூடுதலாக இழைத்துவிட்டார். இழைத்த நாணலை நீட்ட முடியாது. அர்க்காக்களையும் குறைத்தால் குழுவின் பழைய கருவிகளோடு முழுத் தொகுதியும் ஒட்டாது. அதே உள்விட்டமும் சுவர்த் தடிமனும் கொண்ட நாணலை மறுபடி தேடிப் பிடிப்பது, குறிப்பாக ஸங்காவின் பருத்த குழல்களுக்கு, பணத்தையும் நாள்களையும் விழுங்கும் வேலை.

ஆகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே அமர்வில், மூச்சால் குழல் சற்றுச் சூடான பின்னரே கடைசி மில்லிமீட்டர்களை உப்புத்தாளில் தேயுங்கள். பலர் சேர்ந்து ஊதும்போது ஒரே ஸ்வரம் ஆளுக்கு ஆள் இம்மியளவு விலகி ஒலிப்பது தவறில்லை. பெருவின் பூனோ பகுதியில் உள்ள கொனிமா போன்ற ஊர்களில் அந்த அடர்த்தியான ஒலியைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் சுருதியில் எல்லா இராக்களும் ஒரு பக்கமும் எல்லா அர்க்காக்களும் மறுபக்கமும் விலகி நிற்பது அடர்த்தியாகாது. டியூனரை வைத்துக்கொள்ளுங்கள், அதைவிட, குழுவின் பழைய கருவியிலிருந்து அளவெடுத்த குச்சியை நம்புங்கள்.

குழல்களைப் பிணைக்கும் கட்டினை மிகவும் இறுக்குவது

மெல்லிய நாணல் வெடிக்கும். குழல்கள் அசையாமல் நின்றால் போதும்.

வார்னிஷ்

உதடு படும் விளிம்பில் வேண்டாம்.

ஒருவரே சோதிப்பது

இரண்டு வரிசைகளையும் ஒன்றாகப் பிடித்து ஒருவரே ஊதினால், காது தன்னையறியாமல் மூச்சின் அழுத்தத்தை மாற்றி, சுருதிப் பிசகை மறைத்துவிடும். வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும் முன் இன்னொருவரை எதிரே நிறுத்தி, அவர்கள் வாசிக்கவிருக்கும் மெட்டையே முழுவதும் ஊதிப் பாருங்கள்.