அமெரிக்கக் கவிஞர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது எப்படி

இன்றைய அமெரிக்கக் கவிஞர்களைத் தமிழில் அறிமுகம் செய்யும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் ஐந்து வரிக் குறிப்பை அப்படியே தமிழாக்கிவிடுகிறார்கள். அந்த ஐந்து வரி விற்பனைக்காக எழுதப்பட்டது. அதில் சில சொற்கள் பொன், சில முலாம். எது எது என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால் வேலை முக்கால்வாசி முடிந்தது.

முதலில் ஒரு தாளை எடுத்து ஐந்து பத்திகளாகக் கோடு போடுங்கள்: ஆண்டு, நடந்தது என்ன, எங்கே பார்த்தீர்கள், அதைச் சொன்னவர் யார், சந்தேகம். இவற்றில் நான்காவதுதான் முக்கியம். ஒரே வாக்கியம் பத்து இணையதளங்களில் எழுத்து மாறாமல் இருந்தால் அது பத்து ஆதாரம் ஆகாது, ஒன்றுதான். பதிப்பகத்தின் குறிப்பை எல்லோரும் நகலெடுத்திருக்கிறார்கள். பரிசு விவரத்தைப் பரிசு தரும் அமைப்பின் பட்டியலில் மட்டும் சரிபாருங்கள். குடும்பம், இளமைக்காலம் பற்றியவற்றைக் கவிஞரின் நேர்காணலிலோ நினைவுநூலிலோ பாருங்கள். பிறந்த ஆண்டுக்கு லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் பெயர்ப் பட்டியல் நல்ல தொடக்கம். எந்த நூலிலிருந்து அந்தத் தகவலை எடுத்தார்கள் என்பதும் அந்தப் பதிவிலேயே இருக்கும். (இங்கே காங்கிரஸ் என்பது அந்நாட்டு நாடாளுமன்றம். கட்சி நூலகம் என்று எழுதிவிடாதீர்கள்.)

புத்தகம் கையில் இல்லாமல் எழுத உட்காராதீர்கள். பதிப்புரிமைப் பக்கத்தின் அடியில் 2 4 6 8 9 7 5 3 1 என்பதுபோல ஓர் எண்வரிசை இருக்கும். அதில் மிஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண்தான் அது எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்கிறது. 1 இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது மறு அச்சு. அட்டையில் பளபளக்கும் பரிசு முத்திரை முதல் அச்சில் இருந்திருக்காது. பிரிட்டிஷ் பதிப்பு வேறு பதிப்பகத்தில், பெரும்பாலும் பிந்தி வரும். கவிஞர் ஓஷன் வாங்கின் முதல் முழுத் தொகுப்பு அமெரிக்காவில் 2016இல் வெளியானது, பிரிட்டனின் டி.எஸ். எலியட் பரிசு அதற்குக் கிடைத்தது 2017ஆம் ஆண்டுக்கானது. இரண்டு பதிப்புகள் இருப்பது தெரியாதவர் இதில் ஏதோ ஓர் ஆண்டு தவறு என்று நினைத்துத் ‘திருத்தி’விடுவார்.

பலரும் புரட்டித் தள்ளிவிடும் நன்றிப் பக்கம் உண்மையில் ஒரு புதையல். முதலில் கவிதைகள் வெளியான இதழ்களின் பெயர்கள் வரும். அடுத்து உதவித்தொகை தந்த அமைப்புகள். பிறகு தங்கி எழுத இடம் கொடுத்த யாடோ, மெக்டவல் போன்ற இல்லங்கள். கடைசியில் ஆசிரியர்கள், பயிலரங்கத் தோழர்கள், பதிப்பாசிரியர். முதல் தொகுப்பின் நன்றிப் பக்கத்தையும் மூன்றாவது தொகுப்பின் நன்றிப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் படியுங்கள். சிறு பல்கலைக்கழக இதழ்களிலிருந்து பெரிய இதழ்களுக்கு எப்போது நகர்ந்தார், யார் கூடவே வந்தார், யார் பெயர் காணாமல் போனது என்பதெல்லாம் தெரியும். 1912இல் சிகாகோவில் தொடங்கிய பொயட்ரி இதழின் பழைய பிரதிகளை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஒரு கவிதை இதழில் வந்ததற்கும் தொகுப்பில் சேர்ந்ததற்கும் நடுவே சில ஆண்டுகள் ஓடியிருப்பது சாதாரணம். அந்த இடைவெளியையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

சாப்புக் என்பது தனி வகை. நாற்பது பக்கத்துக்குள் அடங்கும் சிறு பிரசுரம் அது; முழுத் தொகுப்பு என்ற கணக்கில் வராது. வாங் 2010இலேயே ஒரு சாப்புக் வெளியிட்டுவிட்டார். அதனால் ‘முதல் நூல்’ என்று மொட்டையாக எழுதாமல் ‘முதல் முழுத் தொகுப்பு’ என்று எழுதினால் பிரச்சினை இல்லை. அதேபோல ‘செலக்டட்’ என்று தலைப்பில் இருந்தால் தேர்ந்தெடுத்தவை, ‘கலெக்டட்’ என்றால் திரட்டு. ‘நியூ அண்ட் செலக்டட்’ என்றால் பழையதும் புதியதும் கலந்தது. அதை முற்றிலும் புதிய தொகுப்பாக எண்ணினால் நூல்களின் எண்ணிக்கை பிசகும்.

இனி அட்டைக் குறிப்பின் சொற்கள். அதிகம் கவிழ்ப்பது ‘சான்சலர்’. அகாடமி ஆஃப் அமெரிக்கன் பொயட்ஸ் என்ற அமைப்பில் பதினைந்து கவிஞர்கள் சான்சலர்களாக இருப்பார்கள். பதவிக்காலம் ஆறு ஆண்டு, வேலை ஆலோசனை சொல்வது. இதைப் பார்த்துக் கவிஞரைப் பல்கலைக்கழக வேந்தர் ஆக்கிவிட்டால் சரிசெய்வது கடினம், ஏனென்றால் அடுத்து எழுதுபவர் உங்களைப் பார்த்துத்தான் எழுதுவார். ‘ஜட்ஜ்’ நீதிபதி அல்ல, பரிசுத் தேர்வாளர். ‘ஃபெல்லோ’ என்றால் உதவித்தொகை பெற்றவர். ஸ்டான்ஃபோர்டின் ஸ்டெக்னர் ஃபெல்லோ என்றால் இரண்டாண்டு பணம் வாங்கிக்கொண்டு எழுதியவர். அங்கே பட்டம் கிடையாது. எம்.எஃப்.ஏ. என்பது படைப்பெழுத்துக்கான முதுநிலைப் பட்டம். அதை முனைவர் பட்டம் என்று எழுதாதீர்கள். கேவ் கேனம் என்பது கறுப்பினக் கவிஞர்களுக்காக 1996இல் தொடங்கிய அமைப்பு. லத்தீனில் ‘நாய் ஜாக்கிரதை’ என்று பொருள். பெயரை மொழிபெயர்க்காமல் விடுவதே புண்ணியம்.

‘பரிந்துரைக்கப்பட்டவர்’ என்ற சொல்லைக் கண்டால் உடனே நிறுத்துங்கள். புஷ்கார்ட் பரிசுக்கு எந்தச் சிறு பதிப்பாளரும் ஆண்டுக்கு ஆறு படைப்புகள் வரை அனுப்பலாம். அந்தப் பரிந்துரை பொய்யல்ல, ஆனால் சாதனை என்று சொல்லும் அளவுக்கும் இல்லை. புலிட்சரில் இது இன்னும் மோசம். விண்ணப்பம் போன நூல்களெல்லாம் ‘புலிட்சருக்குப் பரிந்துரைக்கப்பட்டவை’ என்று சிலரால் எழுதப்படுகின்றன. இறுதிப் பட்டியலில் பெயர் வந்தவரைத் தவிர யாரையும் அப்படிச் சொல்லக் கூடாது. அந்த இறுதிப் பட்டியலைப் புலிட்சர் அமைப்பு 1980 முதல் வெளியிடுகிறது, நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நேஷனல் புக் அவார்டில் முதலில் பத்துப் பெயர் கொண்ட நெடும்பட்டியல், பிறகு ஐந்து பெயர் கொண்ட இறுதிப் பட்டியல், அப்புறம்தான் பரிசு. மூன்றையும் ஒரே சொல்லால் குறிப்பது நியாயமில்லை.

ஆண்டுக்கணக்குதான் எல்லோரையும் படுத்தும் இடம். ட்ரேசி கே. ஸ்மித்தை எடுத்துக்கொள்வோம். 1972இல் மாசசூசெட்ஸின் ஃபால்மவுத்தில் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். ஹார்வர்டில் இளநிலை, கொலம்பியாவில் எம்.எஃப்.ஏ., பிறகு ஸ்டெக்னர் உதவித்தொகை. முதல் தொகுப்புக்குக் கேவ் கேனம் பரிசு கிடைத்தது 2002இல், தொகுப்பு வெளிவந்தது 2003இல். ஏனென்றால் அது கையெழுத்துப் பிரதிக்குத் தரும் பரிசு. பரிசே பதிப்பதற்கான வழி. இரண்டாவது தொகுப்புக்கு 2006இல் ஜேம்ஸ் லாஃப்லின் பரிசு, நூல் 2007. அதுவும் அப்படித்தான், வெளிவரப்போகும் இரண்டாம் நூலுக்கான பரிசு. மூன்றாவது தொகுப்பில் கணக்கு தலைகீழாகிறது: ‘லைஃப் ஆன் மார்ஸ்’ வெளிவந்தது 2011இல், புலிட்சர் 2012இல். புலிட்சர் முந்தைய ஆண்டு நூலுக்கு மறுவருடம் தரப்படுவது. நேஷனல் புக் அவார்டோ அந்த ஆண்டு நூலுக்கு அந்த ஆண்டு நவம்பரிலேயே தரப்பட்டுவிடும்; லூயிஸ் க்ளிக்கின் 2014 நூலுக்கு 2014இலேயே கிடைத்தது. நேஷனல் புக் கிரிட்டிக்ஸ் சர்க்கிள் என்ற விமர்சகர் வட்டத்தின் பரிசு இன்னும் குழப்பம்: 2018க்கான பரிசு என்று பெயர், மேடையில் கொடுப்பது 2019 மார்ச்சில். ஆகவே தாளில் நூலின் ஆண்டையும் பரிசின் ஆண்டையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுங்கள். ‘2012இல் வெளியாகிப் புலிட்சர் வென்ற’ என்று ஒரே மூச்சில் எழுதும்போதுதான் தவறு நுழைகிறது.

பொயட் லாரியேட் பதவியை ‘அரசவைக் கவிஞர்’ என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. படிப்பவருக்குச் சட்டென்று புரியும், ஆனால் அரசு பாராட்டிப் பட்டம் சூட்டியது போன்ற தோற்றம் வந்துவிடும். அங்கே குடியரசுத் தலைவர் நியமிப்பதில்லை. நியமிப்பவர் லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் தலைமை நூலகர். 1937 முதல் கவிதை ஆலோசகர் என்று இருந்த பதவிக்கு 1985இல் போட்ட சட்டத்தால் இந்தப் பெயர் சேர்ந்தது. 1986இல் ராபர்ட் பென் வாரன் முதலில் அமர்ந்தார். சம்பளம் ஆண்டுக்கு 35,000 டாலர், அதுவும் ஒரு தனியார் அறக்கொடையிலிருந்து. ‘பொயட் லாரியேட்’ என்றே எழுதிவிட்டு ஒரு வரியில் விளக்குவது நல்லது. இன்னொன்றும் கவனியுங்கள்: பல மாநிலங்களுக்கும் தனித்தனி லாரியேட் உண்டு. நட்டாஷா ட்ரெத்தவே 2012இல் மிசிசிப்பி மாநில லாரியேட்டாகவும் இருந்தார், நாட்டின் லாரியேட்டாகவும் ஆனார். எந்தப் பதவி என்று சொல்லாவிட்டால் ஆண்டுகள் முட்டிக்கொள்ளும்.

பிழைப்பு எப்படி நடந்தது என்ற பத்தி இல்லாத வாழ்க்கைக் குறிப்பு அரைகுறை. புலிட்சரின் பணம் 15,000 டாலர். ஒரு குடும்பம் ஓராண்டு ஓட்டக்கூடக் காணாது. மெக்ஆர்தர் உதவித்தொகை 2022இலிருந்து 8 லட்சம் டாலர், ஐந்தாண்டுக்குப் பிரித்துத் தருவார்கள்; அது மிகச் சிலருக்கே. மற்றவர்கள் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். பெரும்பாலோர் கல்லூரி ஆசிரியர்கள் என்றாலும் எல்லோரும் அல்ல. டெட் கூஸர் நெப்ராஸ்காவில் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் துணைத் தலைவராக இருந்து 1999இல் ஓய்வு பெற்றார், 2004இல் லாரியேட் ஆனார். கே ரையன் முப்பது ஆண்டுக்கும் மேலாகக் கலிஃபோர்னியாவின் காலேஜ் ஆஃப் மரினில் அடிப்படை ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். அவருடைய முதல் புத்தகம் 1983இல் நண்பர்கள் சந்தா போட்டு வெளிவந்தது. இந்த ஒரு தகவல் பத்துப் பரிசுப் பெயரைவிட அதிகம் சொல்லும். ஆசிரியராக இருந்தவர் என்றால் எந்த ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்தப் படிநிலை என்று பாருங்கள். அசிஸ்டென்ட், அசோசியேட், முழுப் பேராசிரியர் மூன்றும் வேறு. நிரந்தரப் பணி கிடைத்த சமயத்தில் இரண்டாம் தொகுப்பு வந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். நிரந்தரமாக்கப் புத்தகம் கேட்பார்கள்.

பெயரை ஒலிபெயர்ப்பதில் அவசரம் வேண்டாம். நோபல் பெற்ற லூயிஸ் ‘க்ளூக்’ அல்ல, ‘க்ளிக்’. எழுத்தைப் பார்த்து ஊகிக்காமல் காதால் கேளுங்கள். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் கவிஞர்களின் குரலை ஒலிப்பதிவு செய்து சேர்த்துவருகிறது. வாசிப்புக்கு முன் அறிமுகம் செய்பவர் பெயரை எப்படிச் சொல்கிறார் என்று கேட்டால் போதும். அந்நூலகத்தின் பார்வையற்றோர் பிரிவு பிரபலங்களின் பெயர் உச்சரிப்புக்கென்றே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது.

கவிதையிலிருந்து வாழ்க்கையை உருவுவதில்தான் மிகுந்த எச்சரிக்கை தேவை. கவிதையில் வரும் ‘நான்’ கவிஞராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ட்ரெத்தவேயின் ‘நேட்டிவ் கார்ட்’ 2006இல் வந்து 2007இல் புலிட்சர் பெற்றது. அதில் தாயை இழந்த மகளாகப் பேசும் ‘நான்’ கவிஞர்தான். தாய் 1985இல் கொல்லப்பட்டதை அவர் பின்னர் நினைவுநூலாகவே எழுதினார். அதே நூலின் தலைப்புக் கவிதையில் பேசும் ‘நான்’ உள்நாட்டுப் போரில் மிசிசிப்பிக் கரையோரத் தீவில் தெற்கத்திய கைதிகளைக் காவல்காத்த கறுப்பினச் சிப்பாய். ஒரே அட்டைக்குள் இரண்டு ‘நான்’. ஸ்மித்தின் தந்தை ஹப்பிள் தொலைநோக்கியில் பணியாற்றிய பொறியாளர் என்பதை எழுதலாம், கவிஞரே கவிதைக்கு வெளியிலும் பலமுறை சொல்லியிருக்கிறார். கவிதை மட்டுமே ஆதாரம் என்றால் ‘கவிதையில் வருபவர்’ என்று எழுதுங்கள், ‘கவிஞர்’ என்று எழுதாதீர்கள்.

கவிதையை முழுதாக மொழிபெயர்த்துப் போடுவதாக இருந்தால் அனுமதி கட்டாயம்; மொழிபெயர்ப்பும் மூலவரின் உரிமைக்குள் வருவது. விமர்சனத்துக்கு நடுவே ஓரிரு வரி எடுத்தாள்வது வேறு விஷயம், அதற்கு அமெரிக்கச் சட்டத்தில் ‘இத்தனை வரி’ என்ற கணக்கு கிடையாது. அனுமதிக் கடிதத்தைப் பதிப்பகத்தின் உரிமைப் பிரிவுக்கு அனுப்புங்கள். கவிதையின் தலைப்பு, நூல், பக்க எண், வரிகளின் எண்ணிக்கை, மொழி, எங்கே வெளியாகும், அச்சா இணையமா, எத்தனை பிரதி, பணம் வசூலிக்கிறீர்களா ஆகிய எல்லாம் முதல் கடிதத்திலேயே இருக்கட்டும். ஒன்று விட்டால் அதைக் கேட்டு ஒரு பதில் வரும், அதற்கே சில வாரம் போகும். கட்டுரை முடிந்த பிறகு கேட்காமல் தொடங்கும் அன்றே கேளுங்கள்.

அனுப்பும் முன் கட்டுரையில் ‘தற்போது’ என்ற சொல்லைத் தேடுங்கள். 2018 குறிப்பொன்றைப் பார்த்து ஸ்மித் ‘தற்போது பிரின்ஸ்டனில் கற்பிக்கிறார்’ என்று எழுதினால் தவறு. 2021இல் அவர் ஹார்வர்டுக்குப் போய்விட்டார். ஒவ்வொரு ‘தற்போது’வையும் அடித்துவிட்டு அந்த இடத்தில் ஓர் ஆண்டை எழுதுங்கள். ஆண்டு தெரியவில்லை என்றால் அந்த வரியையே எடுத்துவிடுங்கள்.